மாதிரி ரயில் நிலையம்: 240 செ.மீ. பலகையில் நான்கு பெட்டி நடைமேடை

கேள்வி: வணக்கம். 240 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள பலகையில், 1:76 அளவில், மூன்று தண்டவாளங்களும் இரண்டு நடைமேடைகளும் கொண்ட முனைய நிலையத்தை அமைத்துவருகிறேன். எஞ்சினுடன் நான்கு பெட்டிகள் நிற்க இடம் போதுமா?

பதில் 1: போதும். பிரிட்டனின் ‘மார்க் 1’ என்னும் வகைப் பயணிகள் பெட்டி இந்த அளவில் ஏறத்தாழ 26 செ.மீ.; நான்கு பெட்டிகளும் எஞ்சினும் சேர்ந்து சுமார் 135 செ.மீ. எஞ்சியதை, ரயிலை ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பும் தடமாற்றிகளுக்கு விடுங்கள்.

பதில் 2: நடைமேடையை முதலில் ஒட்டிவிடாதீர்கள், ஐயா. வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உட்புறமும் முனைகள் வெளிப்புறமும் துருத்தும். ஆகவே, உங்களிடமுள்ள மிக நீளமான பெட்டியின் நடுவிலும் மூலையிலும் பென்சிலைக் கட்டி, கையால் மெல்லத் தள்ளி, அது இழுக்கும் கோட்டிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் தள்ளியே விளிம்பை வையுங்கள்.

கேள்வி கேட்டவர்: பென்சிலால் பார்த்தேன், வளைவில் விளிம்பை 4 மி.மீ. நகர்த்த வேண்டியிருந்தது. மிக்க நன்றி.