ட்ரிஸ்டனின் இரண்டாம் அங்கத்தில் உறைந்து நிற்கும் ப்ளூ-ரே: கோளாறு வட்டிலா, ப்ளேயரிலா?

வணக்கம். வாக்னரின் ‘ட்ரிஸ்டனும் இசோல்டேயும்’ ஓபராவின் ப்ளூ-ரே வட்டு ஒன்று, கடந்த ஒரு மாதமாக இரண்டாம் அங்கத்தில் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. ஏறத்தாழ 4 மணி நேரம் ஓடும் நிகழ்ச்சி முழுவதும் 50 ஜிபி கொள்ளளவுள்ள ஒரே இரட்டை அடுக்கு வட்டில் பதிவாகியுள்ளது. தொடங்கி 1 மணி 58 நிமிடம் ஆனதும், காதலர் இருவரும் இரவைப் போற்றிப் பாடிக்கொண்டிருக்கும்போது, படம் சதுரம் சதுரமாகச் சிதறி, ஒலி அறுந்து, பின்னர் எல்லாம் உறைந்துவிடுகிறது. மார்க் மன்னர் வந்து குறுக்கிடுவதற்கு முன்பே ப்ளேயர் குறுக்கிட்டுவிடுகிறது.

நான் வசிப்பது மியூனிக்கில். வட்டை 3 ஆண்டுகளுக்கு முன்பு புதிதாக வாங்கி, இருமுறை தடையின்றிப் பார்த்திருக்கிறேன். ப்ளேயர் 2016-இல் வாங்கிய, 4கே வசதி இல்லாத சாதாரண மாடல்.

வட்டை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்தேன், ப்ளேயரை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன், எச்டிஎம்ஐ கேபிளை மாற்றினேன், 5.1 ஒலியை விட்டு ஸ்டீரியோவிலும், வசன வரிகள் இல்லாமலும் ஓட்டிப் பார்த்தேன். பயனில்லை. ஆனால் மூன்றாம் அங்கத்துக்குத் தாவினால் அது இறுதிவரை ஒழுங்காக ஓடுகிறது என்பதால், லேசர் முதல் அடுக்கிலிருந்து இரண்டாவதற்கு மாறும் இடத்தில்தான் சிக்கல் என்று ஊகிக்கிறேன். குழப்பம் என்னவென்றால், வேறு இரட்டை அடுக்கு வட்டுகள் இதே ப்ளேயரில் ஓடுகின்றன. இந்த வட்டோ நண்பர் வீட்டு ப்ளேயரில் குறையின்றி ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியும் கீறல் ஏதுமில்லை. இந்தப் பதிப்பு இப்போது கடைகளில் கிடைப்பதுமில்லை.

இந்த அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், நான் மாற்ற வேண்டியது ப்ளேயரையா, வட்டையா?