கலைச்சொல் தேவை: யோனியின் நல்ல நுண்ணுயிர்களை மீட்பது குறித்த கையேட்டுக்கு

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர், சேலம்

குழுவினருக்கு வணக்கம்.

கிராம சுகாதார செவிலியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். மற்ற பகுதிகள் முடிந்துவிட்டன, வெள்ளைப்படுதல் பற்றிய அத்தியாயம்தான் நகர மறுக்கிறது. வஜைனல் ஃபுளோரா (யோனியில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்கள்), புரோபயாட்டிக் (நன்மைக்காகக் கொடுக்கும் உயிருள்ள நுண்ணுயிர்கள்), பிரீபயாட்டிக், அப்புறம் கெட்டுப்போன ஃபுளோராவைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது: இந்த நான்குக்கும் சொல் வேண்டும்.

இப்போதைக்கு யோனித் தாவரத்தொகுதி, சார்புயிரி, முன்னுயிரி, மீள்குடியேற்றம் என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே திருப்தி இல்லை. படிக்கப்போகிறவர் செவிலியர்; ஆனால் அவர் அதை ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது ஆளையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

---

எழுதியவர்: நுண்ணுயிரியல் ஆய்வு மாணவர், கோவை

அக்கா, தாவரத்தொகுதியை முதலில் எடுத்துவிடுங்கள். பாக்டீரியாவைத் தாவரங்களோடு சேர்த்து வகைப்படுத்திய காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் ஃபுளோரா. இன்று ஆங்கிலக் கட்டுரைகளிலேயே மைக்ரோபயோட்டா என்றுதான் எழுதுகிறார்கள். அவர்கள் கழற்றிப் போட்டதை நாம் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம். நுண்ணுயிர்த் தொகுதி போதும்.

முன்னுயிரியும் ஆகாது. பிரீபயாட்டிக் உயிரியே இல்லை, நல்ல நுண்ணுயிர்கள் தின்னும் சத்து. 1995-இல் கிப்சனும் ராபர்ஃப்ராய்டும் அந்தப் பெயரைப் பெருங்குடலை மனதில் வைத்துத்தான் வைத்தார்கள். 2017-இல் வெளியான வரையறை குடலுக்கு வெளியேயும் இடம் கொடுத்தது. யோனியைப் பொறுத்தவரை அந்தத் தீனியை உடம்பே போடுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கும்வரை யோனிச் சுவரின் செல்களில் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சேரும். அது சிறு சர்க்கரைகளாக உடையும். லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா அதைத் தின்று லாக்டிக் அமிலம் தரும். மாதவிடாய் நின்ற பிறகு லாக்டோபேசில்லஸ் குறைவதற்குத் தீனி குறைவதும் ஒரு காரணம். இதையெல்லாம் ‘முன்’ என்ற ஒட்டு சொல்லுமா? ‘நல்லுயிர்த் தீனி’ என்று வைத்தால் கேட்டவுடன் புரியும்.

---

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

தம்பி சொன்னது சரி. ஆனால் ‘தொகுதி’ என்றதும் சட்டமன்றம் நினைவுக்கு வருகிறது. ஓர் இடத்தில் மண்ணும் பொழுதும் நீரும் உயிரும் ஒன்றோடொன்று இயைந்து வாழ்வதற்கு நம்மிடம் ஈராயிரம் ஆண்டுச் சொல் இருக்கிறது: திணை. திண் என்ற வேரிலிருந்து திண்மை, திண்ணை, திணை. ஓரிடத்தில் உறுதியாக நிலைகொள்வது என்பதே அடிப்படை. இடம், குலம், ஒழுக்கம் மூன்றையும் அது குறிக்கும். யோனி நுண்ணுயிர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? யோனிச்சுவர் முதற்பொருள், நுண்ணுயிர் கருப்பொருள்.

நேற்று தேடிப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 2011-இல் அமெரிக்காவில் நோய்க்குறி இல்லாத 396 பெண்களைச் சோதித்து, இந்த நுண்ணுயிர்ச் சமூகங்களை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஐந்து! நான்கில் ஒவ்வொரு லாக்டோபேசில்லஸ் இனம் மேலோங்குகிறது. எஞ்சிய ஒன்றில் அப்படி எதுவும் மேலோங்காமல் பலவும் கலந்து கிடக்கின்றன. எனக்கு உடனே இளங்கோவடிகள்தான் நினைவுக்கு வந்தார்.

முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து
நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப்
பாலை என்பதோர் படிவம் கொள்ளும்

பாலை தனி நிலமன்று, திரிந்த நிலை. மழை பெய்தால் முல்லை மீளும். கெட்ட நிலையைத் ‘திணைத்திரிபு’ என்றும், சரிசெய்வதைத் ‘திணைமீட்பு’ என்றும் வைத்துப் பாருங்கள். நான்கு சொற்களில் இரண்டு ஒரே வேரில் கிடைத்துவிட்டன.

---

எழுதியவர்: செவிலியர் கல்லூரி விரிவுரையாளர், திருநெல்வேலி

ஐயா, படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் ‘உனக்குப் பாலை’ என்று ஒரு பெண்ணிடம் சொன்னால் அவள் மலடி என்றுதான் கேட்டுக்கொள்வாள். ஏற்கெனவே வெள்ளைப்படுகிறது என்று சொல்லக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் மறைத்து வைத்திருப்பவர்கள் அவர்கள்.

நீங்கள் சொன்ன அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஐந்தாவது, கலந்த வகை கறுப்பினப் பெண்களிடமும் ஹிஸ்பானியப் பெண்களிடமும் கூடுதலாக இருந்தது. அவர்களுக்கு நோய்க்குறி எதுவும் இல்லை. அதைத் ‘திரிபு’ என்று பெயரிட்டால், நலமாக இருக்கிற பெண்ணுக்கு நாமே நோய் கொடுத்தவர்கள் ஆவோம்.

என் மாணவிகளுக்கு நான் பிரை மோர் என்று சொல்லித்தான் பாடம் தொடங்குவேன். பாலுக்குப் பிரை ஊற்றுவது எல்லாருக்கும் தெரியும். புரோபயாட்டிக்குக்குப் ‘பிரையுயிரி’ என்று வைத்துவிடலாமே?

---

எழுதியவர்: தனித்தமிழ் அன்பர், புதுச்சேரி

> பாலுக்குப் பிரை ஊற்றுவது எல்லாருக்கும் தெரியும்

பிரை என்பது வட்டார ஒலிப்பு. புரை என்று எழுதுவோரும் பலர். புரை என்றால் குற்றம்: ‘புரைதீர்ந்த நன்மை’ என்பது குறள். அதோடு ‘புரையோடிய புண்’ என்கிறோம். உள்ளே அழுகி ஓட்டை விழுந்த புண்ணைக் குறிக்கிற சொல்லைப் பெண்ணின் உடலுறுப்புக்கான மருந்தோடு ஒட்டுவது தகாது. உறைமோரிலிருந்து ‘உறையுயிரி’ எடுக்கலாம். உறைதல் என்றால் தங்கி வாழ்தல் என்றும் பொருள் இருப்பதால் இரட்டைப் பொருத்தம்.

இன்னொன்று, யோனி வடசொல். தமிழ்நாட்டுப் பாடநூல் ‘கலவிக்கால்வாய்’ என்கிறது. அதையே பயன்படுத்துங்கள். புரோபயாட்டிக் என்ற சொல்லே இலத்தீன் முன்னொட்டும் கிரேக்க வேரும் கலந்த கலவை என்பதையும் சொல்லிவைக்கிறேன். அதைக் கண்டு நாம் மலைக்கத் தேவையில்லை.

---

எழுதியவர்: மகப்பேறு மருத்துவர், மதுரை

இரவுப் பணியில் இருந்ததால் இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். பிரை, உறை இரண்டையும் கடுமையாக எதிர்க்கிறேன். சொல் பிடிக்காததால் இல்லை. அதைக் கேட்ட பெண் வீட்டுக்குப் போய் என்ன செய்வாள் என்று யோசித்துப் பாருங்கள்.

தயிரை உள்ளே வைக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. வைத்துவிட்டு வருபவர்களும் உண்டு. பிரை என்ற சொல்லைக் கையேட்டில் அச்சடித்தால் நாமே அதற்கு முத்திரை குத்தியதாகிவிடும். தயிரில் இருப்பவை பாலில் வளரப் பழகிய பாக்டீரியாக்கள். யோனியில் காவல் நிற்பவை வேறு: முக்கியமாக லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பாட்டஸ். ஜெர்மானிய மருத்துவர் டோடர்லைன் 1892-இல் யோனிக் கசிவில் விவரித்த கோல்வடிவ பாக்டீரியாக்கள் இந்தக் குடும்பம். பழைய செவிலியர்களுக்கு டோடர்லைன் பாசில்லஸ் என்றால் தெரியும். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 3.8 முதல் 4.5 வரை வைத்திருப்பவை அவைதான். வீட்டுத் தயிரில் என்னென்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தயிரைச் சாப்பிடட்டும், நல்லது. உள்ளே வேண்டாம்.

மருந்தின் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன், சொல் அதைத் தாண்டிப் போகக்கூடாது. மீன் வாடையோடு, சாம்பல் வெள்ளையாக, நீர்த்த கசிவு வந்து, பரிசோதனையில் பாக்டீரியல் வெஜைனோசிஸ் என்று உறுதியானால் மெட்ரோனிடசோல் என்ற ஆண்டிபயாட்டிக் 500 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, ஏழு நாள். கேட்கும். ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஓராண்டுக்குள் திரும்ப வந்துவிடுகிறது. கெட்டவை செத்த இடத்தில் நல்லவை பெருகாததும் அதற்கு ஒரு காரணம். அங்கேதான் புரோபயாட்டிக் என்ற யோசனையே வருகிறது. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 228 பெண்கள். மெட்ரோனிடசோல் ஜெல் முடித்தபின், ஒரு பகுதியினருக்குக் கிரிஸ்பாட்டஸ் தூளைச் செலுத்துகுழலால் யோனிக்குள்ளேயே வைத்தார்கள்: முதல் வாரம் நான்கு நாள், பிறகு வாரம் இருமுறையாகப் பத்து வாரம். பன்னிரண்டாம் வாரத்துக்குள் நோய் திரும்பியது 30 விழுக்காட்டினருக்கு, வெறும் தூள் வைத்தவர்களில் 45 விழுக்காட்டினருக்கு. உண்மையான பயன், ஆனால் முழுத் தீர்வு இல்லை. அந்த மருந்து நம் கடையில் கிடைக்காது. இங்கே கிடைக்கிற விழுங்கும் மாத்திரைகளுக்கு அவ்வளவு சான்று இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டியும் இந்த நோய்க்குப் புரோபயாட்டிக்கைப் பரிந்துரைக்கவில்லை.

கலவிக்கால்வாய் பற்றி: பூப்பெய்திய சிறுமிக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும் இதே உறுப்புதான். பிள்ளை பிறப்பதும் அதன் வழிதான். கலவியை வைத்து அதற்குப் பெயரிட்டால் திருமணமாகாத பெண் ஒருத்தியும் அந்தப் பக்கத்தைத் திறக்க மாட்டாள்.

---

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

புதுச்சேரி நண்பருக்கு: ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று தொல்காப்பியரே வழி விட்டிருக்கிறார். யோனியில் வடவெழுத்து ஏதும் இல்லை. அது தமிழில் குடியேறி நெடுங்காலம் ஆயிற்று. யோனி இருக்கட்டும்.

பாலையைத் திரும்பப் பெறுகிறேன்; விரிவுரையாளர் அம்மா சொன்னது மறுக்க முடியாதது. திணையை விடவில்லை.

---

எழுதியவர்: ஆசிரியர், யாழ்ப்பாணம்

ஒரு சொல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மீள்குடியேற்றம் வேண்டாம்.

2009-க்குப் பிறகு முகாம்களிலிருந்து வெளியே வந்த சனங்கள் தங்கள் காணிக்குத் திரும்பிப் போவதற்கு எங்களிடம் இருந்த ஒரே சொல் அது. படிவங்களில், பெயர்ப்பலகைகளில், மழையில் நின்ற வரிசைகளில் எல்லாம் அதுதான். இன்னும் திரும்பிப் போக முடியாதவர்கள் இருக்கிறார்கள். குடியேற்றம் என்ற சொல்லுக்கும் எங்கள் பக்கம் காணி பறிபோன வரலாறு உண்டு. சேலத்துச் சகோதரி அதை அறிந்து எழுதவில்லை என்பது தெரியும். ஆனால் கையேடு இணையத்தில் வந்தால் எங்கள் தாதியரும் வாசிப்பார்கள்.

---

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர், சேலம்

ஐயா, இதைச் சொன்னதற்கு நன்றி. மீள்குடியேற்றத்தை நீக்கிவிட்டேன். ‘நல்லுயிர் மீட்பு’ என்று தலைப்பில் வைத்து, உள்ளே ‘நல்ல நுண்ணுயிர்கள் மறுபடியும் பெருகுவது’ என்று விரித்து எழுதுகிறேன்.

புரோபயாட்டிக்குக்கு ‘நல்லுயிரி’ சரியா? ‘நன்னுண்ணுயிரி’ என்று தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். புணர்ச்சி சரிதான், ஆனால் வாயில் நுழையவில்லை.

---

எழுதியவர்: நுண்ணுயிரியல் ஆய்வு மாணவர், கோவை

நல்லுயிரிக்கு என் வாக்கு. பயனும் பெயரிலேயே இருக்கிறது. 1965-இல் லில்லியும் ஸ்டில்வெல்லும் புரோபயாட்டிக் என்ற சொல்லை எடுத்தபோது உயிரைக் குறிக்கவே இல்லை. ஒரு நுண்ணுயிர் சுரந்து இன்னொன்றை வளர்க்கும் பொருளைத்தான் குறித்தார்கள், ஆண்டிபயாட்டிக்குக்கு எதிர்ப்பதமாக. இன்றைய பொருள் பின்னால் வந்தது. ஆகவே முன்னொட்டை மொழிபெயர்க்கத் தேவையே இல்லை, ‘சார்பு’ம் வேண்டாம்.

---

எழுதியவர்: மகப்பேறு மருத்துவர், மதுரை

> பயனும் பெயரிலேயே இருக்கிறது

என் சிக்கலே அதுதான், தம்பி. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் 2001-இல் கொடுத்த வரையறைப்படி, உயிருள்ளதாக இருக்க வேண்டும், போதிய அளவில் கொடுக்க வேண்டும், உடலுக்கு நன்மை தர வேண்டும். பெட்டியின் மேல் புரோபயாட்டிக் என்று அச்சடித்தவை எல்லாம் இதில் தேறாது. நல்லுயிரி என்று நாம் பெயர் வைத்தால் தேறாததற்கும் ‘நல்ல’ என்ற சான்றிதழ் கிடைத்துவிடும். புரோபயாட்டிக் என்றே எழுதுங்கள். கடைக்காரர் சொல்வதும் அதுதான், சீட்டில் எழுதுவதும் அதுதான். அந்தச் சொல் எந்த வாக்கும் கொடுப்பதில்லை.

---

எழுதியவர்: செவிலியர் கல்லூரி விரிவுரையாளர், திருநெல்வேலி

டாக்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் புரோபயாட்டிக் என்பதை என் மாணவிகளில் பாதிப்பேர் ‘பவர் மாத்திரை’ என்றுதான் புரிந்துவைத்திருக்கிறார்கள். ஆண்டிபயாட்டிக்கோடு குழப்பிக்கொண்டு, இரண்டும் கிருமியைக் கொல்லும் என்று தேர்வில் எழுதுகிறார்கள். நல்லுயிரி என்றால் குறைந்தபட்சம் அது உயிருள்ளது, கொல்லவில்லை என்பது தெரியும். சான்று எவ்வளவு என்பதை அடுத்த வரியில் சொல்லிக்கொள்ளலாம். ஒரு சொல்லே மொத்தப் பாடத்தையும் சுமக்க முடியாது.

---

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர், சேலம்

நேரமாகிவிட்டது. அச்சுக்குப் போவது இப்படி: யோனி நுண்ணுயிர்த் தொகுதி. நல்லுயிரி, முதல் இடத்தில் ‘புரோபயாட்டிக் எனப்படும் நல்லுயிரி’. நல்லுயிர்த் தீனி. நல்லுயிர் மீட்பு. மறுப்புச் சொன்னவர் மருத்துவர் மட்டும் என்றாலும் அவர் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. அதனால் சொல் முதலில் வரும் பக்கத்திலேயே ஒரு கட்டம் கட்டி, ‘தயிரை உள்ளே வைக்கக் கூடாது. யோனியின் உட்புறத்தைக் கழுவக் கூடாது. பெட்டியில் நல்லுயிரி என்று இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது’ என்று சேர்த்திருக்கிறேன்.

---

எழுதியவர்: மகப்பேறு மருத்துவர், மதுரை

கட்டம் நல்லது. ‘நிறம், வாடை, அரிப்பு மாறினால் உடனே வரவும்’ என்பதையும் அதிலேயே போடுங்கள். கர்ப்பிணிகள் காத்திருக்கவே கூடாது. நல்லுயிரிக்கு என் மறுப்பு அப்படியே பதிவாகட்டும்.

---

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

இரண்டாம் பதிப்பு வரும்போது திணையை மறுபடியும் எடுத்துக்கொள்வோம். அதற்குள், நல்லுயிரியும் தீனியும் சேர்த்துக் கொடுக்கிற சின்பயாட்டிக் என்று ஒன்று இருக்கிறதாமே, அதற்கு யாராவது சொல் யோசித்தீர்களா? ‘கூட்டூண்’ என்று எனக்குத் தோன்றுகிறது. கூட்டு, ஊண் இரண்டும் நல்ல தமிழ். குற்றியலுகரம் கெட்டு வரும் புணர்ச்சி, இலக்கணத் தடை எதுவும் இல்லை.

---

எழுதியவர்: நுண்ணுயிரியல் ஆய்வு மாணவர், கோவை

ஐயா, கூட்டூணில் உயிர் எங்கே இருக்கிறது? ஊண் மட்டும்தான் கேட்கிறது. இதைத் தனி இழையாகத் தொடங்குவோம்.