ஷாண்டலார்: சேனல்-ஃபயர்பால் டெக் ஏன் பாதி ஆட்டத்துல சொதப்புது?

பெரம்பூர்_பிளேயர் கேட்டது:

வணக்கம் மக்களே. 1997-ல மைக்ரோப்ரோஸ் வெளியிட்ட மேஜிக் த கேதரிங் கம்ப்யூட்டர் கேம்தான். ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைச்ச பழைய பென்டியம் மெஷின்ல விண்டோஸ் 98 போட்டு ஓடிக்கிட்டிருக்கு, அதுல பிரச்சினை இல்லை. ஷாண்டலார் சாகசத்துல (மேப்ல சுத்தி சண்டை போடுற பகுதி), சார்சரர் லெவல்.

டெக்கில 58 கார்டு. சிவப்பு, பச்சை, கொஞ்சம் கறுப்பு. சேனல் 3, ஃபயர்பால் 3, டிஸின்டெக்ரேட் 3, லைட்னிங் போல்ட் 3, கிர்ட் ஏப் 3, லானோவர் எல்வ்ஸ் 3, பிளாக் லோட்டஸ் 1, மாக்ஸ் ரூபி 1, மாக்ஸ் எமரால்ட் 1, சோல் ரிங் 1, டார்க் ரிச்சுவல் 2, ஹிப்னாடிக் ஸ்பெக்டர் 2, சிவன் டிராகன் 2, நிலம் 24, மீதி உதிரி. லைஃப் இப்போ 12.

சேனல் லைஃபை மனாவா (கார்டு போட ஆகுற சக்தி) மாத்தும்; ஃபயர்பாலும் டிஸின்டெக்ரேட்டும் ஒரு சிவப்பு போக கட்டுற மனா அளவுக்கு (அதுதான் X) அடிக்கும். கை அப்படி அமைஞ்சா ரெண்டாவது டர்ன்லயே ஆட்டம் முடியுது. அமையலைன்னா அடி வாங்கிச் சாகுறேன். வெள்ளை, நீல எதிரிங்ககிட்ட ரொம்ப மோசம். டஞ்சன்ல (வரிசையா சண்டை வர்ற நிலவறை) ரெண்டாவது சண்டையைத் தாண்ட முடியலை. இதை யாராலும் அசைக்க முடியாத டெக்கா மாத்தணும்னா எதை எடுக்கணும், எதைப் போடணும்?

—

ராயபுரம்_ரூல்புக் எழுதியது:

ப்ரோ, கார்டுல குறை இல்லை, எண்ணிக்கையிலதான் குறை. 58-ஐ 40 ஆக்குங்க. மத்த எல்லாம் அதுக்கப்புறம்.

கணக்கைப் பாருங்க. முதல் கையில 7 கார்டு வருது. சேனல் 3-ல ஒண்ணாவது, ஃபயர்பால் டிஸின்டெக்ரேட் ரெண்டும் சேர்ந்த 6-ல ஒண்ணாவது, இந்த ரெண்டும் ஒரே கையில வர வாய்ப்பு 58 கார்டு டெக்கில சுமார் 16.6 சதவீதம். 40 கார்டு டெக்கில 30 சதவீதம். ஒரு புது கார்டுகூட வாங்காம கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பலமான கார்டுன்னு சிவன் டிராகனை உள்ள விட்டா, அது சேனலைத் தள்ளி வெச்சுட்டு கைக்கு வரும். ஆறு மனா ஆகுற கார்டுக்கு இந்த டெக்கில வேலையே கிடையாது.

கறுப்பு மொத்தமா வெளிய. ரெண்டு நிற டெக்கில சேனலுக்கு ரெண்டு பச்சை மனா கிடைக்கிறதே கொஞ்சம் இழுபறி, மூணாவது நிறம் வந்தா சதுப்பு நிலத்தைக் கையில வெச்சுக்கிட்டு சேனலைப் பார்த்துக்கிட்டிருக்க வேண்டியதுதான்.

நான் போடச் சொல்ற 40 இது:

மவுன்டன் 6 (சிவப்பு நிலம்), ஃபாரஸ்ட் 6 (பச்சை நிலம்), டைகா 2 (ரெண்டுல எதையும் தரும்)
பிளாக் லோட்டஸ் 1, ரூபி 1, எமரால்ட் 1, சோல் ரிங் 1, லானோவர் எல்வ்ஸ் 3
சேனல் 3, ஃபயர்பால் 3, டிஸின்டெக்ரேட் 3
போல்ட் 3, கிர்ட் ஏப் 3
வீல் ஆஃப் ஃபார்ச்சூன் 1, ரீக்ரோத் 1
ரெட் எலிமென்டல் பிளாஸ்ட் 2

டைகா கிடைக்கலைன்னா மவுன்டன் 7, ஃபாரஸ்ட் 7. நிலம் 14 கம்மின்னு தோணும். ஆனா மனா தர்ற மத்த கார்டு 7 இருக்கு, மொத்தம் 21. இதுக்கு மேல நிலம் போட்டா கைதான் வீணாகும்.

லோட்டஸுக்காகக் காத்திருக்காதீங்க. முதல் டர்ன் ஃபாரஸ்ட், எல்வ்ஸ். ரெண்டாவது டர்ன் மவுன்டன். ஃபாரஸ்டும் எல்வ்ஸும் சேர்ந்து ரெண்டு பச்சை, அதுல சேனல். மவுன்டனோட சிவப்பு ஃபயர்பாலுக்கு. X முழுக்க லைஃப்ல இருந்து. 12 லைஃப் இருந்தா 1 மிச்சம் வெச்சு 11 டேமேஜ். இதுதான் இந்த டெக்கோட சாதாரண ஆட்டம்.

—

அடையாறு_ஆன்டி எழுதியது:

மேல சொன்ன லிஸ்ட் சரி. ஆனா எங்க உடையும்னு சொல்லாம விட்டா இவர் திரும்பவும் இங்கேயே வந்து நிப்பார்.

காகிதத்துல ஆடுற மேஜிக்ல ரெண்டு பேருக்கும் 20 லைஃப். அதனாலதான் அங்க மவுன்டன், லோட்டஸ், சேனல், ஃபயர்பால்னு நாலே கார்டுல முதல் டர்ன்ல 20 அடிக்க முடியுது. ஷாண்டலார்ல உங்க லைஃப் 20-க்குக் கீழ ஆரம்பிக்குது, எதிரிக்கு எதிரி லைஃப் மாறுது. சேனலைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு கூட்டல் போடுங்க: உங்க லைஃப்ல 1 கழிச்சது, சேனலுக்கும் சிவப்புக்கும் போக மிச்சம் நிக்கிற மனா, ரெண்டையும் கூட்டினா எதிரியோட லைஃபைத் தொடணும். ஒண்ணு குறைஞ்சாலும் காத்திருங்க. எதிரி 2 லைஃபோட நிக்க, நீங்க 1 லைஃபோட டர்னை முடிச்சா தோல்வி உறுதி.

உங்க 12 லைஃபுக்கே சொல்றேன். மவுன்டன், லோட்டஸ் மட்டும்னா X 12. கையில ரூபியும் சோல் ரிங்கும் இருந்தா ரூபி மனாவுல சோல் ரிங்கை இறக்குங்க, அது 2 தரும். லோட்டஸை பச்சையா உடைச்சா மூணு பச்சை, அதுல ரெண்டு சேனலுக்கு, ஒண்ணு மிச்சம். இப்போ X 14. அதனால நகரங்களுக்கான வேலையை முடிச்சுக் கொடுத்து மனா லிங்க் வாங்குறதை முதல் வேலையா வைங்க. ஒரு லிங்குக்கு ஒரு லைஃப் கூடும். மத்த டெக்குக்கு அது வெறும் பாதுகாப்பு. உங்களுக்கு அதுவே டேமேஜ்.

லோட்டஸ்ல நிறம் தேர்ந்தெடுக்கிறப்போ கவனம். மூணு மனாவும் ஒரே நிறம்தான். சேனல் தர்றது நிறமில்லாத மனா, அதால ஃபயர்பாலோட சிவப்பைக் கட்ட முடியாது. மேசையில ஃபாரஸ்ட் மட்டும் இருக்கிறப்போ லோட்டஸை உடைச்சு சேனல் போட்டா, கையில ஃபயர்பாலை வெச்சுக்கிட்டே ஒண்ணும் செய்ய முடியாம நிப்பீங்க. மிஞ்சின பச்சை வேற மனா பர்ன்ல ஒரு லைஃபைக் கொண்டுபோகும். அந்தக் காலத்து விதி இது, செலவழிக்காத ஒவ்வொரு மனாவும் பேஸ் முடிவுல ஒரு லைஃப்.

நீல எதிரிக்கு வருவோம். நாம போடுற கார்டைத் தடுக்கிற கவுன்டர்ஸ்பெல்லுக்கு ரெண்டு நீல மனா, ஆனா சிவப்பை மட்டும் தடுக்கிற ப்ளூ எலிமென்டல் பிளாஸ்டுக்கு ஒண்ணே போதும். அப்போ ஒரே ஒரு ஐலண்ட் (நீல நிலம்) திறந்திருந்தாலே ஃபயர்பால் ஆபத்துல இருக்கு. சேனலைத் தடுத்தா ஒரு கார்டு நஷ்டம். ஃபயர்பாலைத் தடுத்தா அதுக்குள்ள கட்டின 11 லைஃபும் போச்சு. அந்த நீலத் தடுப்பையே தடுக்க ரெட் எலிமென்டல் பிளாஸ்ட் கையில இருக்கணும், அதுக்குன்னு தனியா ஒரு சிவப்பு மனா நிக்கணும். மவுன்டன் ரெண்டு வேணும்னு அர்த்தம். இல்லைன்னா அவன் நிலமெல்லாம் டேப் ஆகுற (அந்த டர்னுக்குப் பயன்பட்டுத் தீர்ற) வரைக்கும் ஏப்பையும் போல்டையும் வெச்சு அடிச்சுக்கிட்டிருங்க.

வெள்ளைகிட்ட சர்க்கிள் ஆஃப் ப்ரொடெக்‌ஷன் ரெட். ஒரே மனா, X எவ்வளவு பெருசா இருந்தாலும் அத்தனையும் பூஜ்யம். சர்க்கிள் மேசையில இருந்து ஒரு நிலம் திறந்திருந்தா சேனலை நினைக்கவே வேண்டாம். ட்ராங்க்விலிட்டி போட்டு என்சான்ட்மென்ட் எல்லாத்தையும் கலைச்சிட்டு அடுத்த டர்ன்ல முடிங்க. சேனல் சார்சரிங்கிறதால (மேசையில நிக்காம போட்டதும் முடிஞ்சுபோற வகை) அதால உங்களுக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லை.

மேப்ல நடக்குறப்போ டெக்கை மாத்திக்கலாம், அதைப் பயன்படுத்துங்க. வெள்ளைக் கோட்டைக்குப் போறப்போ பிளாஸ்ட் ரெண்டையும் எடுத்துட்டு ட்ராங்க்விலிட்டி 2. போல்ட்ல ஒண்ணைக் கழிச்சு ஃப்ளாஷ்ஃபயர்ஸ் 1, ப்ளெயின்ஸ் (வெள்ளை நிலம்) அத்தனையும் காலி. நீலக் கோட்டைக்கு பிளாஸ்ட் அப்படியே இருக்கட்டும், சுனாமி 1 சேருங்க, ஐலண்ட் அத்தனையும் காலி. ரெண்டுமே நாலு மனா. இறங்கின பிறகு எதிரியால சர்க்கிளும் ஓட்ட முடியாது, கவுன்டரும் போட முடியாது.

—

திருவான்மியூர்_வைஸ் எழுதியது:

டஞ்சன் பத்தி யாருமே பேசலையே. அங்க ஒரு சண்டை முடிஞ்சு மிஞ்சின லைஃபோடதான் அடுத்த சண்டைக்குப் போறீங்க. 11 லைஃபைக் கொட்டி முதல் எதிரியை வீழ்த்தினா ரெண்டாவது எதிரி முன்னாடி 1 லைஃபோட நிக்கிறீங்க. இவர் ரெண்டாவது சண்டையில சாகுறதுக்கு இதுதான் காரணம், டெக்கோட பலவீனம் இல்லை. டஞ்சனுக்கு சேனல் டெக்கைக் கொண்டு போகாதீங்க.

அங்க பிளாக் வைஸ். விலை ஒரு மனா. எதிரியோட ஒவ்வொரு அப்கீப்லயும் (டர்ன் ஆரம்பத்துல, கார்டு எடுக்கிறதுக்கு முன்னாடி) அவன் கையில 4-க்கு மேல இருக்கிற ஒவ்வொரு கார்டுக்கும் 1 டேமேஜ். நீங்க முதல்ல ஆடி முதல் டர்ன்லயே வைஸ் இறக்கினா அவன் 7 கார்டோட அப்கீபுக்கு வர்றான், 3 டேமேஜ். கார்டு எடுத்து 8 ஆகி, நிலம் மட்டும் போட்டா 7, திரும்பவும் 3. ரெண்டு வைஸ் இருந்தா 6. உங்க லைஃப் ஒண்ணுகூடக் குறையலை.

நீலம் சிவப்பு, 40 கார்டு: வைஸ் 3, ஹவ்லிங் மைன் 3, வின்டர் ஆர்ப் 2, அன்சம்மன் 3, போல்ட் 3, ஃபயர்பால் 2, கவுன்டர்ஸ்பெல் 3, டைம்ட்விஸ்டர் 1, வீல் 1, ஆன்செஸ்ட்ரல் ரீகால் 1, ரூபி, சோல் ரிங், நிலம் 16. 3 கார்டு எடுக்க வைக்கிற ரீகாலை எதிரி மேலயே போடலாம்னு பலருக்குத் தோணாது. மேசையில ரெண்டு வைஸ் இருக்கிறப்போ, அவன் கையில ஏற்கெனவே 4 இருந்தா, அந்த 3 கார்டு 6 டேமேஜ். அன்சம்மனும் அதே மாதிரிதான், மிருகத்தை அவன் கைக்கே திருப்பி அனுப்பித் தடுக்குது, கையையும் நிரப்புது.

இதுல கறுப்பைக் கலந்து ஸ்பெக்டரும் மைன்ட் ட்விஸ்டும் சேர்க்காதீங்க. வைஸுக்கு எதிரியோட கை நிறைஞ்சிருக்கணும், இந்த ரெண்டும் பண்ற டிஸ்கார்ட் (கையில இருக்கிற கார்டைத் தூக்கிப் போட வைக்கிறது) அதைக் காலி பண்ணுது. ரெண்டும் தனித்தனியா பயங்கரம், சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். டிஸ்கார்ட் பிடிக்கும்னா வைஸுக்குப் பதில் த ராக் (எதிரி கையில கார்டு கம்மியா இருந்தா அடிக்கிறது) போட்டு தனி கறுப்பு டெக் கட்டுங்க. ஸ்வாம்ப், டார்க் ரிச்சுவல், லோட்டஸ் வந்தா ஆறு மனா, முதல் டர்ன்லயே X 5-க்கு மைன்ட் ட்விஸ்ட்.

வைஸ் தடுமாறுற இடம் சின்னச் சின்ன மிருகமா இறக்கி ரெண்டு மூணு டர்ன்ல கையைக் காலி பண்ற எதிரி. டஞ்சனுக்குள்ள போறதுக்கு முன்னாடி அதைப் பத்தி விசாரிச்சுக் கிடைக்கிற குறிப்பைப் படிங்க. சின்ன மிருகக் கூட்டம்னா ஹவ்லிங் மைனை எடுத்துட்டு பைரோக்ளாஸம் 3, சின்ன மிருகங்களை மொத்தமா அழிக்கும்.

—

பெரம்பூர்_பிளேயர் எழுதியது:

ரொம்ப நன்றி. பைரோக்ளாஸம் என் கேம்ல கண்ணுலயே படலையே? அப்புறம் ஆன்டியில (சண்டைக்குப் பணயமா வைக்கிற கார்டு, தோத்தா எதிரிக்குப் போயிடும்) லோட்டஸ் போயிடுமோன்னு பயம். அதை வெளிய வெச்சிடவா?

—

அடையாறு_ஆன்டி எழுதியது:

பைரோக்ளாஸம் ஐஸ் ஏஜ்ங்கிற தொகுப்போட கார்டு, இந்த கேம்ல இல்லை, அதைத் தேட வேண்டாம். அதே வேலைக்கு எர்த்க்வேக் இருக்கு, X-ஐ 1 அல்லது 2-ல நிறுத்துங்க. ஆனா அது உங்களையும் அதே அளவு அடிக்கும், டஞ்சன்ல அந்த லைஃப் திரும்பாது. ரெண்டு போதும், 3 வேண்டாம்.

லோட்டஸை வெளிய வைக்காதீங்க. 40 கார்டுல ஒண்ணு ஆன்டியாப் போகுது, எது போகுதுன்னு சண்டை ஆரம்பத்துலயே தெரிஞ்சிடும். லோட்டஸ் வந்தா அந்த ஆட்டத்துல அது டெக்கில இல்லைன்னு வெச்சு, எல்வ்ஸ் வழியா மெதுவா ஆடுங்க. ஆன்டியா சேனல் போனாலும் அப்படித்தான், மிச்சம் ரெண்டுதான் இருக்கு. கோட்டைக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி மேப்ல சேவ் பண்ணிடுங்க.