லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பக்கத்து மாட்டுப்பட்டியில காஸ் அளக்குறது எப்படி?

கொட்டகலை_மாணவி:
வணக்கம். கெம்பஸ் கடைசி வருச ப்ரொஜெக்டுக்கு எங்க தோட்டத்து மாட்டுப்பட்டி ஒன்னுல இருந்து அமோனியாவும் மெதேனும் எவ்வளவு வெளிய போகுதுனு அளக்கப்போறேன். மூணு மாடு, தகரக்கூரை, பனிக்காக ராவைக்கு முன்பக்கம் படங்கு தொங்கும். விடியக்காலையில படங்கை தூக்கினா கண்ணு எரியுது, பத்து மணிக்கெல்லாம் சென்சர் ரீடிங் இறங்கிடுது. அப்போ ராத்திரி தான் கூட வெளியாகுதுனு எழுதலாமா?

புல்லுக்கட்டு:
அப்படி எழுதிடாதீங்க தங்கச்சி. நீங்க பாக்குறது உள்ள தேங்கி நிக்கிறத. வெளிய போறது எவ்வளவுனு சொல்ல, பட்டிக்கு உள்ளுக்கும் வெளிக்கும் காஸ் அளவுல உள்ள வித்தியாசத்தை மணிக்கு எவ்வளவு காத்து பட்டியைக் கடக்குதோ அதால பெருக்கணும். பகல்ல வெயில் பட்டு தரை சூடாகி அமோனியா இன்னும் கூடவே கிளம்பலாம், காத்து அள்ளிட்டுப் போறதால தான் ரீடிங் குறையுது.

காத்தை அளக்க மாடு விடுற காபனீரொட்சைட்டே போதும். 400 கிலோ மாடு 10 லீட்டர் கறந்தா கிட்டத்தட்ட 720 வோட் வெப்பம் விடும், 1000 வோட்டுக்கு மணிக்கு 0.2 கனமீட்டர் காபனீரொட்சைட்டுனு கணக்கு. மூணு மாட்டுக்கு 0.43. உள்ள வெளியைவிட 300 பிபிஎம் (பத்து லட்சத்துல 300 பங்கு) கூட இருந்தா காத்து மணிக்கு ஏறத்தாழ 1440 கனமீட்டர். வித்தியாசம் 200க்கு கீழ போனா அந்தக் கணக்கை நம்பவேணாம், சின்ன பிழையும் பெருசாகிடும்.

மலைக்காத்து:
அண்ணன் சொன்னது சரி, ஆனா வெளிக் காத்தை லயத்துக் குசினிக்கு கிட்ட வச்சு எடுத்தா விறகுப் புகை எல்லாத்தையும் கெடுத்துடும், காத்து வர்ற பக்கமா தள்ளி நின்னு எடுங்க. எம்கியூ 4னு விக்கிற மலிவு மெதேன் சென்சர் வேலைக்கு ஆகாது, அது 300 பிபிஎம்முக்கு மேல தான் மெதேனைப் பாக்கும், திறந்த பட்டியில அவ்வளவு நிக்காது. அமோனியாவுக்கு விக்கிற எம்கியூ 137 சென்சர் நம்ம பனி ஈரத்துக்கு தாறுமாறா காட்டும். மீன்தொட்டி பம்பால காத்தை ஐதான சல்பூரிக் அமிலத்துக்குள்ள குமிழ் விட்டு, எத்தனை லீட்டர் போச்சுனு குறிச்சு லேப்ல டைட்ரேட் பண்ணுங்க (எவ்வளவு அமிலம் மிச்சம்னு காரம் சொட்டுவிட்டு பாக்குறது), அமோனியாவுக்கு அது எவ்வளவோ மேல். இன்னொன்னு, பிபிஎம்மை கிராமாக்கும்போது அங்கத்தைய காத்தழுத்தத்தைப் போடணும். நுவரெலியா 1868 மீட்டர், கடல்மட்டத்து அழுத்தத்துல 80 வீதம் தான் இருக்கும், பாடப்புத்தக எண்ணை அப்படியே போட்டா விடை கால்வாசி கூடிடும்.

பட்டிக்காரி:
மகள், சாணியும் மூத்திரமும் கலக்குற இடத்தைப் பாருங்க. சாணியில இருக்குற நொதியம் தான் மூத்திரத்து யூரியாவை உடைக்குதுனு மிருக வைத்தியர் சொன்னாரு. எங்க பட்டியில மாடு நிக்கிற பின்பக்கம் சீமெந்து பள்ளமாகி மூத்திரம் தேங்கி நின்னிச்சு, அதை சரிச்சு வடிகான் வெட்டினதும் நெடி நல்லா குறைஞ்சுது. தரை எப்படினு எழுதாம ரீடிங்கை மட்டும் எழுதினா எங்களுக்கு ஒன்னும் விளங்காது.

கொட்டகலை_மாணவி:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணாமாரே. அப்போ மெதேனுக்கு என்ன வழி?

புல்லுக்கட்டு:
அதுல பெரும்பகுதி மாடு ஏப்பம் விடுறது தான். தீவனத்தை தராசுல நிறுத்து கணக்குப் போடுங்க: ஐபிசிசி (ஐநா காலநிலை மாற்றக் குழு) 2006 வழிகாட்டிப்படி தீவனத்து மொத்த சக்தியில 6.5 வீதம் மெதேனாப் போகும். காய்ஞ்ச நிறையில நாளைக்கு 10 கிலோ தின்னா 215 கிராம் அளவுல வரும். சீஓ 3 புல்லை (மாட்டுக்கு வளக்குற கலப்பு நேப்பியர் புல்) பச்சையா நிறுத்துட்டு அப்படியே போடாதீங்க, கொஞ்சத்தை லேப் அவன் அடுப்புல காயவச்சு ஈரத்தைக் கழிங்க. மிச்சம் வச்ச புல்லையும் நிறுக்கணும்.