கையால் வரைந்த சின்ன அட்டைகள்: கையெழுத்து இல்லாததை வாங்கலாமா, எப்படிப் பாதுகாப்பது?

பாளைக்காரன்

வணக்கம். எனக்குப் பாளையங்கோட்டை. வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைக்குப் படம் போட்டுக்கொண்டிருந்த ஓர் ஓவியர், வயதான பிறகு தென்காசிப் பக்கம் சொந்த ஊருக்கே வந்துவிட்டார். பெயரைப் பொதுவில் போடுவது அவருக்குப் பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன். இப்போது பத்திரிகைக்கு வரைவதில்லை. ஆனால் ஐவரி போர்டு என்கிற வழவழப்பான கெட்டி அட்டையைச் சீட்டுக்கட்டுச் சீட்டு அளவுக்கு வெட்டி வைத்துக்கொண்டு, இந்தியன் இங்க்கும் தூரிகையுமாகத் தினமும் எதையாவது வரைகிறார். நேரில் போய்க் கேட்டால் கொடுப்பார், காசும் வாங்கிக்கொள்வார், பேரம் பேசினால் மட்டும் அட்டை திரும்பப் பெட்டிக்குள் போய்விடும்.

அவருடைய கோட்டின் மேல் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பைத்தியம். கதையைப் படிப்பதற்கு முன்னால் படத்தைத்தான் பார்ப்பேன். பாம்படம் போட்ட ஆச்சி ஒருத்தியை வரைந்த அட்டை என்னிடம் இருக்கிறது. தொங்கும் காது முழுவதும் ஒரே இழுப்பு. மேலே மெல்லிசாகத் தொடங்கி, பாம்படத்தின் கனம் இறங்குகிற இடத்தில் தூரிகை அழுந்தி, கழுத்துப் பக்கம் வரும்போது மை தீர்ந்து வறண்டு போகிறது. அந்த வறட்சியிலேயே கழுத்துச் சுருக்கமும் வந்துவிடுகிறது, அதற்கென்று தனியாக ஒரு கோடுகூட இல்லை. இரண்டரை அங்குல அகலத்துக்குள் இதைச் செய்கிறார் மனுஷன். பத்திரிகை அச்சில் இந்த மாதிரி இடமெல்லாம் மை அடைத்துக் கறுப்புத் திட்டாகத்தான் இருக்கும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். திருநெல்வேலி டவுனில் பழைய புத்தகம், பழைய படம் விற்கிற ஒருவர் ஓர் அட்டையைக் காட்டி, இதுவும் அவர் வரைந்ததுதான் என்கிறார். தலையில் சுமையோடு ஒரு பெண், பின்னால் தேர் மாதிரி ஏதோ. கையெழுத்து இல்லை, தேதி இல்லை. 3500 ரூபாய் சொல்கிறார். ஓவியர் எனக்குக் கொடுத்த அட்டைகள் எல்லாவற்றிலும் வலது மூலையில் தமிழில் கையெழுத்து உண்டு. இதை வாங்கலாமா?

இன்னொன்று, இவற்றை எதில் வைப்பது? ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறும். சில அட்டைகளில் மார்க்கரால் வண்ணம் கொடுத்திருக்கிறார், அதுவும் மங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

வண்ணார்பேட்டை கார்டு

தம்பி, நான் வெளிநாட்டு ஸ்கெட்ச் கார்டு, அதாவது கையால் படம் வரைந்த சின்ன அட்டைகள், சேர்க்கிறவன், நம்ம ஊரிலும் இப்படி ஒருவர் வரைகிறார் என்று படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. நீங்கள் சொல்கிற அளவு, இரண்டரைக்கு மூன்றரை அங்குலம், அப்படியே டிரேடிங் கார்டு, அதாவது பாக்கெட்டில் வாங்கிச் சேர்க்கிற படஅட்டை, அளவுதான்.

அமெரிக்காவில் இது தனி உலகம். 1993-ல் ஸ்கைபாக்ஸ் நிறுவனம் சிம்ப்சன்ஸ் அட்டைத் தொகுப்போடு கையால் வரைந்த அட்டைகளைப் பரிசாகக் கொடுத்ததைத்தான் பெரும்பாலும் தொடக்கமாகச் சொல்வார்கள். இப்போது டாப்ஸ், அப்பர் டெக் மாதிரி நிறுவனங்கள் வெற்று அட்டைகளை ஓவியர்களுக்கு அனுப்பி, அவர்கள் வரைந்து கொடுத்ததை அச்சடித்த அட்டைப் பாக்கெட்டுகளுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செருகிவிடுகிறார்கள். பாக்கெட்டைப் பிரிக்கிறவனுக்கு யார் வரைந்தது கிடைக்கும் என்று தெரியாது. ஒரே ஓவியரைப் பின்தொடர்கிற என்னைப் போன்றவர்கள் பாக்கெட் வாங்கிப் பயனில்லை, யாருக்காவது கிடைத்ததை அவரிடமிருந்து வாங்க வேண்டும். இல்லையென்றால் ஆர்ட்டிஸ்ட் புரூஃப் என்று ஒன்று உண்டு. நிறுவனம் ஓவியருக்கென்று தனியாகக் கொஞ்சம் அட்டைகள் கொடுக்கும், அதில் நாம் கேட்கிறதை வரைந்து அவரே நமக்கு விற்கலாம். இதைத் தவிர விற்பனையே இல்லாத மரபும் இருக்கிறது. ஸ்டிர்னெமான் என்ற கலைஞர் 1997-ல் சூரிச்சில் தொடங்கி வைத்தது. அதே அளவு அட்டை, ஆனால் காசுக்குக் கிடையாது, உன்னுடையதைக் கொடுத்து என்னுடையதை வாங்கிக்கொள் என்கிற கணக்கு மட்டும்தான்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நிறுவன அட்டையின் முதுகில் தொகுப்பின் பெயர் அச்சாகியிருக்கும், அது ஓரளவு சாட்சி. உங்கள் ஓவியரின் அட்டைக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அவர் கையும் உங்கள் குறிப்பும்தான் சாட்சி. அதனால் இனிமேல் வாங்கும்போது பின்பக்கம் பென்சிலால் யாருக்கு, எப்போது, எங்கே வைத்துக் கொடுத்தது என்று அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். அழுத்தாமல் எழுத வேண்டும், பால்பாயிண்ட் வேண்டவே வேண்டாம், தடம் முன்பக்கம் புடைத்துக்கொண்டு வரும்.

டவுன் அட்டைக்கு நான் சொல்வது ஒன்றுதான். முன்னும் பின்னும் போனில் படம் எடுத்துக்கொண்டு போய் ஓவியரிடம் காட்டுங்கள். ஆளே ஊரில் இருக்கும்போது எங்களிடம் எதற்குக் கேட்க வேண்டும்? படம் எடுக்கக் கூடாது என்று விற்பவர் சொன்னால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

கோவில்பட்டி பிராசஸ்

தம்பி, நான் சிவகாசியில் பிராசஸ் கேமராவில், அதாவது அச்சுக்காக ஒரிஜினலைப் பிலிமில் படம் பிடிக்கிற கேமராவில், நின்றவன், ஒரிஜினலுக்கும் அச்சுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. ஓவியரிடம் காட்டுவது சரிதான், ஆனால் அதற்கு முன்னால் உங்கள் கண்ணாலேயே பாதி முடிவுக்கு வரலாம்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நூல் எண்ணுகிற கண்ணாடி என்று கேட்டாலும் தருவார்கள். சாம்பல் நிறம் வருகிற இடத்தில் வையுங்கள். வரிசை கட்டிய புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட் அச்சு, பேசவே வேண்டாம். வரிசையில்லாமல் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பொடிப்பொடியாகத் தூவினது மாதிரி தெரிந்தால் இங்க்ஜெட். கறுப்புக்குள்ளேயே அந்த வண்ணப் பொடி இருக்கும், அதுதான் காட்டிக்கொடுக்கும். இப்போது சிலர் இங்க்ஜெட்டில் லேசாக எடுத்து அதன் மேல் பேனாவை ஓட்டிவிடுகிறார்கள், ஆகவே கோட்டின் நடுவில் பார்க்காமல் ஓரத்தைப் பாருங்கள். அடியில் இருக்கிற அச்சு எங்காவது கோட்டை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும்.

அடுத்து, அட்டையை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். நல்ல இந்தியன் இங்க்கில் அரக்கு சேர்ந்திருக்கும், அதனால் மை காகிதத்துக்குள் முழுக்க இறங்காமல் மேலே படலமாக நின்று லேசாக மினுங்கும். அடர்த்தியான இடங்களில் அந்த மினுக்கு நன்றாகத் தெரியும். பென்சில் கோட்டை ரப்பரால் அழித்த தடம், வெள்ளை பூசித் திருத்தின இடம், இதெல்லாம் இருந்தால் கையால் செய்தது. நீலப் பென்சில் கோடு இருந்தால் இன்னும் விசேஷம். வெளிர் நீலம் பிலிமில் விழாது என்பதால் பத்திரிகைக்கு வரைகிறவர்கள் அடிக்கோட்டை நீலத்தில் போடுவதும், பத்தி அளவு இவ்வளவு என்று ஓரத்தில் நீலத்தில் குறிப்பதும் உண்டு.

ஆனால் ஒன்று, லென்ஸ் கையால் வரைந்ததா என்று மட்டும்தான் சொல்லும். யார் கை என்று சொல்லாது. அதற்கு உங்களுக்கு அவர் கோடு தெரிந்திருக்க வேண்டும், நீங்கள் அந்த ஆச்சி காதைப் பற்றி எழுதியதைப் பார்த்தால் உங்களுக்குத் தெரிகிறது. கொண்டைய ராஜு (1898–1976) எங்கள் கோவில்பட்டியில் இருந்து வரைந்தவர், அவரும் அவர் சீடர்களும் போட்ட சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி வீடு வீடாகப் போயின. சீடர்கள் படத்தைக் குரு படம் என்று நினைக்கிறவர்கள் இன்றைக்கும் நிறைய இருக்கிறார்கள். ஒரே பட்டறையில் பழகிய கைகள் அவ்வளவு ஒட்டி வரும். அந்தக் காலத்தில் அச்சு முடிந்த ஒரிஜினல்களை ஒருவரும் மதிக்கவில்லை தம்பி. நான் வேலை பார்த்த இடத்தில் கட்டுக் கட்டாகக் கழிவுக் காகிதத்தோடு போனதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன், இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. அதனால் நீங்கள் இதைச் சேர்க்கிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

சுவடி அக்கா

நான் ஓலைச்சுவடி, பழைய புத்தகப் பராமரிப்பில் இருப்பவள். பாதுகாப்பு பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் எதில் வைக்கக் கூடாது என்பது. கடையில் கிடைக்கிற மலிவான போட்டோ ஆல்பம், பசை தடவிய பக்கத்தில் ஒட்டிப் பிளாஸ்டிக் தாளை மேலே மூடுகிற வகை, அதைத் தொடவே தொடாதீர்கள். பிவிசி உறையும் ஆகாது, நாளாக ஆக அதிலிருந்து வெளிப்படுகிற பொருள் மையையும் காகிதத்தையும் கெடுக்கும், உறையே படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை என்று கேட்டு வாங்குங்கள். கார்டு சேர்க்கிறவர்கள் பயன்படுத்தும் மெல்லிய உறையும் அதற்கு வெளியே டாப்லோடர் என்கிற விறைப்பான பிளாஸ்டிக் உறையும் உங்கள் அளவுக்கே கிடைக்கும். பென்சில் அல்லது கரி அட்டையாக இருந்தால் உறைக்குள் உரசி மங்கும், அமிலமில்லாத மெல்லிய தாளில் ஒரு சின்ன மடிப்பு செய்து அதற்குள் வைத்து உறையில் போடுங்கள்.

மார்க்கர் விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. ஆல்கஹால் மார்க்கரில் இருப்பது சாயம், வெளிச்சம் பட்டால் வெளுக்கும். இந்தியன் இங்க் கார்பன், அதற்கு வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே மார்க்கர் அட்டைகளைத் தனியாகப் பிரித்து இருட்டில் வையுங்கள்.

ஓதம் ஏறுகிற வீடு என்றால் பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது, தரையிலும் கூடாது. உள் அறையில், வெளிச்சுவர் இல்லாத பக்கம், இடுப்பு உயரத்துக்கு மேலே. ஈரம் உறிஞ்சுகிற சிலிகா ஜெல் பை, நிறம் மாறுகிற வகையாக, போடுங்கள், நிறம் மாறினதும் சூடு காட்டித் திரும்ப வையுங்கள், மழைக்காலத்தில் இதை மறக்கக் கூடாது. பாச்சை உருண்டை வேண்டாம், அந்த ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக வைத்துவிடும். சுவடிக்கட்டில் வைக்கிற வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் போடலாம், அட்டையில் படாமல் இருந்தால் போதும். இராமபாணப் பூச்சிக்குக் காகிதத்தில் இருக்கிற பசைதான் சாப்பாடு, ஈரமும் இருட்டும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம், எனவே மாதம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது, தாமிரபரணி கரை தாண்டி வந்தது. அப்போது நனைந்த புத்தகங்களோடு வந்தவர்களில் பலர் அவற்றை வெயிலில் காயப் போட்டுவிட்டுத்தான் வந்தார்கள். வெயில் கூடாது, அட்டை வளைந்து மை வெடிக்கும். நனைந்தால் உறையிலிருந்து மெதுவாக எடுத்து, அச்சில்லாத வெள்ளைத் தாள் மேல் படம் மேலே பார்க்கும்படி வைத்து மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள், காற்று நேராக அடிக்காமல். ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போனால் பிய்க்காதீர்கள், பிளாஸ்டிக் பையில் போட்டு அப்படியே ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். பூஞ்சை பிடிக்காமல் நிற்கும், பிறகு நிதானமாகப் பிரிக்கலாம்.

குறுக்குத்துறையான்

அக்கா சொல்வதெல்லாம் சரிதான், ஆனால் எல்லாவற்றையும் இருட்டில் பூட்டி வைத்துவிட்டு எதற்குச் சேர்ப்பது? எங்கள் வீட்டில் பிரேம் போட்டுத்தான் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள், பிள்ளைகள் பார்த்து வரைகிறார்கள். அந்த ஓவியரும் அதற்காகத்தானே வரைகிறார்? கறுப்பு மை அட்டைகளை மாட்டுங்கள் அண்ணாச்சி, ஒன்றும் ஆகாது. கண்ணாடியில் படம் ஒட்டாமல் நடுவில் மவுண்ட், அதாவது அட்டைச் சட்டம், வைக்கச் சொல்லுங்கள், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வேண்டாம், அவ்வளவுதான்.

சுவடி அக்கா

தம்பி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், கறுப்பு மைக்கு மட்டும். மை நிற்கும் என்றாலும் காகிதம் பழுக்கும், எனவே சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி மாட்டுங்கள். மழைக்காலத்தில் ஓதச் சுவரில் பிரேமே வேண்டாம்.

பாளைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. கோவில்பட்டி அண்ணாச்சி சொன்னபடி லென்ஸ் வாங்கிக்கொண்டு டவுனுக்குப் போனேன். புள்ளி இல்லை, வண்ணப் பொடி இல்லை, மை மினுங்குகிறது, சும்மாட்டுக்குக் கீழே பென்சிலை அழித்த தடம்கூடத் தெரிகிறது. கையால் வரைந்ததுதான். ஆனால் பார்க்கப் பார்க்க எனக்கு உறுத்தியது. அந்தப் பெண்ணின் காது மூன்று துண்டுக் கோடாக இருக்கிறது. எங்கள் ஓவியர் காதை உடைக்கவே மாட்டார். தூரிகையும் எங்கேயும் வறளவில்லை, ஒவ்வொரு கோட்டுக்கும் மை தொட்டுத் தொட்டு எடுத்திருக்கிறார்கள்.

விற்பவர் படம் எடுக்கத் தாராளமாக அனுமதித்தார், தென்காசிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ஓவியர் பார்த்தவுடனேயே தன்னுடையது இல்லை என்றார். பத்திரிகையில் இருந்தபோது அவருக்குப் பின்னணியும் கட்டடமும் போட்டுக் கொடுத்த பையன் ஒருவனின் கை என்கிறார், அந்தத் தேரைப் பார்த்துச் சொன்னார். தேர்ச் சக்கரத்தின் ஆரங்களை அவன் அப்படித்தான் போடுவானாம். ரொம்ப நேரம் போனைக் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விற்பவரிடம் விஷயத்தைச் சொன்னேன், 800 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். வாங்கிவிட்டேன். ஓவியர் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார், நான் அடுத்த மாதம்தான் போக முடியும். தபாலில் அனுப்பலாமா? அட்டை பின்னால் என்ன எழுதி வைப்பது?

வண்ணார்பேட்டை கார்டு

நல்ல முடிவு தம்பி. அட்டையில் நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். தனித் தாளில், இன்ன தேதியில் ஓவியர் பார்த்து இன்னாருடைய கை என்று சொன்னார், தேர்ச் சக்கரத்தை வைத்துச் சொன்னார் என்று எழுதி, அவர் சம்மதித்தால் அதில் அவர் கையெழுத்தையும் வாங்கி அட்டையோடு வையுங்கள். அந்தப் பையன் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அவர் வரைந்தது வேறு எங்காவது கிடைக்கலாம்.

தபாலில் அனுப்புவதானால் மெல்லிய உறை, அதற்கு மேல் டாப்லோடர், இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்து நாலு ஓரமும் டேப். டேப் டாப்லோடரின் வாயில் நேராக ஒட்டக் கூடாது, பிரிக்கும்போது அட்டையும் சேர்ந்து வரும். ரெஜிஸ்டர் தபால் இப்போது தனியாகக் கிடையாது, 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். கவுன்டரில் ஸ்பீடு போஸ்டுக்கே பதிவுச் சேவையும் சேர்த்துக் கேளுங்கள், அப்போதுதான் அவர் கையிலேயே கொடுப்பார்கள். மழை விட்ட பிறகு அனுப்புங்கள்.