ஈ.எஸ்.ஐ. சம்பள வரம்பு: 21,000-ஐ உயர்த்தினால் சுமை யார் தலையில்?

சம்பளப்பட்டியல் எழுதியது:
தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.யில் சேருவதற்கான சம்பள வரம்பை 2017 ஜனவரியில் 15,000 ரூபாயிலிருந்து 21,000 ஆக்கினார்கள். அதன்பிறகு விலைவாசி எங்கேயோ போய்விட்டது, வரம்பு அங்கேயே நிற்கிறது. சம்பளம் அதைத் தாண்டினால், நடப்புப் பங்களிப்புக் காலம் (பணம் பிடிக்கும் அரையாண்டு) முடியும் செப்டம்பர் அல்லது மார்ச்சோடு பிடித்தம் நிற்கும்; அதற்குரிய பலன் காலமும் (அந்தப் பணத்துக்குச் சலுகை கிடைக்கும் காலம்) முடிந்ததும் குடும்பமே திட்டத்துக்கு வெளியே.

எங்கள் நிறுவனத்தில் ஒருவருக்கு 20,400-லிருந்து 21,600 ஆக ஊதிய உயர்வு வந்தது. அவருடைய மனைவிக்கு டயாலிசிஸ் நடக்கிறது. கடிதத்தைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்து, "சார், இதை நிறுத்தி வைக்க முடியுமா?" என்று கேட்டார். உழைப்புக்குக் கிடைத்த உயர்வைக் கண்டு ஒருவர் பயப்பட வேண்டியிருக்கிறது. வரம்பை 30,000 ஆக்க வேண்டும் என்பதே என் கருத்து.

பின்னலகம் எழுதியது:
நான் திருப்பூரில் 60 பேரை வைத்துத் தொழில் நடத்துகிறேன். அவர்களில் 20 பேர் 25,000 ரூபாய் அளவில் வாங்குகிறார்கள். வரம்பு 30,000 ஆனால் என் பங்கு 3.25 விழுக்காடு, ஆளுக்கு 812 ரூபாய் 50 காசு. மாதம் 16,250, ஆண்டுக்கு 1,95,000. ஆர்டர் பிடிக்கும்போதே பீஸ் விலை முடிவாகிவிடுகிறது. நடுவில் செலவு கூடியது என்று ஆர்டர் கொடுத்தவரிடம் போய் நிற்க முடியாது. கடைசியில் அந்தப் பணம் அடுத்த ஊதிய உயர்விலிருந்துதான் போகும். தொழிலாளியின் 0.75 விழுக்காடு மட்டும்தான் அவருடைய செலவு என்று நினைக்காதீர்கள்.

அந்த 20 பேருக்கும் நான் ஏற்கெனவே தனியார் நிறுவனத்தில் குழுக் காப்பீடு (எல்லோருக்கும் சேர்த்து ஒரே மருத்துவக் காப்பீடு) எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அட்டையைக் காட்டினால் தனியார் மருத்துவமனையில் படுக்கை கிடைக்கிறது. ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனால் அரை நாள் கூலி போகிறது.

ஓவர்லாக் எழுதியது:
அண்ணா, நான் மெஷினில் உட்கார்ந்து தைக்கிறவள். நீங்கள் சொல்லாமல் விட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. 2019 ஜூலையில் முதலாளியின் பங்கை 4.75-லிருந்து 3.25 ஆகக் குறைத்தார்கள். 21,000 சம்பளத்துக்கு மாதம் 315 ரூபாய் உங்களுக்கு மிச்சம். எங்கள் பங்கு 1.75-லிருந்து 0.75 ஆனது. செலவு கூடினால் எங்கள் கூலியிலிருந்து போகும் என்கிறீர்களே, குறைந்தபோது அந்த 315 எங்கள் கூலிக்கு வந்ததா?

கை முறிந்தால் உங்கள் அட்டை ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும், சரி. வீட்டில் கிடக்கும் நாட்களுக்கு அரிசி யார் வாங்குவது? ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு. பிரசவத்துக்கு 26 வாரம் முழுக் கூலி. வேலையை விட்டால் குழுக் காப்பீடும் முடிந்துவிடுகிறது.

பின்னலகம் எழுதியது:
தங்கச்சி, அந்த 315 நூல் விலையிலும் மின்கட்டணத்திலும் கரைந்தது. என் கணக்குப் புத்தகத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டுவேன். நான் கேட்பது ஒன்றுதான்: ஈ.எஸ்.ஐ.யா, தனியார் காப்பீடா என்று தொழிலாளியே தேர்ந்தெடுக்கட்டும். 2015 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி இதைத்தானே அறிவித்தார்? ஏன் நடைமுறைக்கு வரவில்லை?

சம்பளப்பட்டியல் எழுதியது:
வராததே நல்லது. ஈ.எஸ்.ஐ.யில் வயதையோ நோயையோ பார்த்துப் பணம் பிடிப்பதில்லை. சம்பளத்தில் இத்தனை விழுக்காடு, அவ்வளவுதான். தேர்வு செய்யச் சொன்னால் இருபது வயதுக்காரர்கள் வெளியேறிவிடுவார்கள், நோயாளிகள் மட்டும் மிஞ்சுவார்கள். அந்த நிதி எத்தனை நாள் தாங்கும்?

நீங்கள் கட்டும் குழுக் காப்பீட்டைப் பாருங்கள். இந்த ஆண்டு இரண்டு பேருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தால், புதுப்பிக்கும்போது பிரீமியம் ஏறும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, நீங்கள் எடுக்கும் குழுக் காப்பீட்டுக்கு 18 விழுக்காடு அப்படியே இருக்கிறது. 812 ரூபாயைச் சுமை என்கிறீர்கள். ஆளுக்கு இப்போது கட்டும் பிரீமியத்தை வரியோடு சேர்த்துப் பன்னிரண்டால் வகுத்து, அந்த எண்ணையும் இங்கே எழுதுங்கள்.

பின்னலகம் எழுதியது:
எழுதுகிறேன், ஆண்டுக் கணக்கு முடியட்டும். ஆனால் பணம் மட்டுமா பிரச்சினை? மாதா மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டுகிறேன். தாமதமானால் 12 விழுக்காடு வட்டி. என்னிடம் இவ்வளவு கறாராக இருக்கிறவர்கள், எழுதிக் கொடுத்த மாத்திரை இருப்பில் இல்லை என்று என் தொழிலாளியைத் திருப்பி அனுப்பும்போது யாருக்கு வட்டி கட்டுகிறார்கள்? முதலில் மருந்தகம் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக இரவு எட்டு வரை திறந்திருக்கட்டும். பிறகு வரம்பை உயர்த்துங்கள்.

ஓவர்லாக் எழுதியது:
மாத்திரை இல்லாமல் நானும் திரும்பி வந்திருக்கிறேன் அண்ணா, அதில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் எது முதலில், எது பிறகு என்பதில்தான் நான் வேறுபடுகிறேன்: முதலில் வரம்பை உயர்த்த வேண்டும். 21,000-க்கு மேல் போனவர்கள் யார்? கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர், கணக்கு எழுதுகிறவர். மனு எழுதவும் அதிகாரியிடம் நின்று பேசவும் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அவர்களை வெளியே அனுப்பிவிட்டால், வரிசையில் நிற்கிற எங்களுக்காகக் குரல் கொடுக்க யார் இருக்கிறார்கள்? அவர்களும் அதே மருந்தகத்துக்கு வரட்டும். மாத்திரை எங்கே போனது என்று எல்லோரும் சேர்ந்து கேட்போம், உங்கள் 3.25-ம் அங்கேதான் போகிறது, நீங்களும் வந்து கேளுங்கள்.