மறுமொழி: ரேம் எப்போது கூட்டுவது? ‘திராஷிங்’ என்பதற்கு ‘அலைச்சல்’

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சிறு வணிகர்களுக்கும் மாணவர்களுக்குமாக நாம் எழுதிவரும் கணினிக் கையேட்டில் நினைவகம் பற்றிய அத்தியாயம் ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறது. ரேம் போதாமல் கணினி வட்டோடு ஓயாமல் மல்லுக்கட்டும் நிலையான ‘திராஷிங்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஈப்போ ஐயா ‘திணறல்’ என்றார். கிள்ளான் சகோதரி ‘அலைக்கழிப்பு’ என்றார். சென்னை நண்பர் ‘பக்கச் சுழற்சி’ போதும் என்றார். மூன்றையும் நிறுத்துப் பார்த்த பிறகு நான் முன்வைப்பது ‘அலைச்சல்’. காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத அனுமதியுங்கள். ஒரு கணினிக்கு ரேம் கூட்ட வேண்டுமா, வேண்டாமா என்பதற்கான விடையில் பாதி இந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் நினைவகத்தை, அதாவது ரேமை, பக்கம் பக்கமாகப் பிரித்து ஆள்கிறது. இன்டெல், ஏஎம்டி செயலிகளில் (ப்ராசசர்) வழக்கமான ஒரு பக்கத்தின் அளவு 4 கிலோபைட். ரேமில் இடம் நெருக்கும்போது, சில காலமாக யாரும் தொடாத பக்கங்கள் வட்டுக்குப் போகின்றன. தேவைப்பட்டால் திரும்பி வருகின்றன. இதுவரை எல்லாம் முறையாகவே நடக்கிறது. திறந்துள்ள நிரல்கள் அந்த நேரத்தில் உண்மையாகவே புழங்கும் பக்கங்கள் ரேமுக்குள் அடங்காமல் போகும்போதுதான் கேடு தொடங்குகிறது. ஒரு பக்கத்தை உள்ளே கொண்டுவர இன்னொன்றை வெளியேற்ற வேண்டும். வெளியேறிய பக்கமோ அடுத்த கணமே தேவைப்படுகிறது. வட்டு ஓயாமல் உழைக்கிறது. செயலி கைகட்டிக் காத்திருக்கிறது. பயனருக்கு ஒரு காரியமும் ஆவதில்லை.

இதைத் தெளிவாக ஆராய்ந்து 1968-இல் எழுதியவர் பீட்டர் டென்னிங். அக்காலப் பெருங்கணினிகளில் பல நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடும். பக்கங்கள் வந்து சேரக் காத்திருப்பதால் செயலியின் உழைப்பு குறையும். செயலிதான் சும்மா இருக்கிறதே என்று மேலும் ஒரு நிரலை உள்ளே விட்டால் நெருக்கடி இன்னும் முற்றி, இயந்திரம் படுத்துவிடும். இதற்குத் தீர்வு தேடும்போதுதான் ஒரு நிரல் குறிப்பிட்ட நேரத்தில் புழங்கும் பக்கங்களின் கூட்டத்தை ‘வொர்க்கிங் செட்’ என்று அவர் வரையறுத்தார். அதைக் கையேட்டில் ‘புழங்கு தொகுதி’ என்று எழுதலாம். புழக்கத்தில் இருக்கும் பாத்திரம், புழங்காத அறை என்று வீட்டில் பேசுகிற சொல்தான். யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

இனி, முன்வைக்கப்பட்ட சொற்கள்.

‘திணறல்’ மக்களின் வாயில் ஏற்கெனவே இருக்கிறது என்று ஐயா சொன்னது உண்மை. என் தயக்கமும் அதனால்தான் ஐயா. செயலி சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொண்டாலும் கணினி திணறுகிறது என்கிறோம். இணைய இணைப்பு மந்தமானாலும், பழைய சுழல்வட்டு (ஹார்ட் டிஸ்க்) தேய்ந்துபோனாலும் அதையேதான் சொல்கிறோம். திணறல் நோயாளி சொல்லும் சொல். அதை அப்படியே விட்டுவிடுவோம். அதற்குக் காரணம் கண்டுபிடிக்கிறவருக்குத் தனிச்சொல் வேண்டும். எல்லா மந்தத்தையும் ஒரே சொல்லில் அடக்கியதால்தான் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக ‘இன்னொரு ரேம் போடுங்கள்’ என்ற ஆலோசனை நம்மிடையே பரவியிருக்கிறது.

‘அலைக்கழிப்பு’ பொருளுக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் அந்தச் சொல்லில் அலைக்கழிக்கிறவர் ஒருவர் இருந்தாக வேண்டும். ஒருவர் இன்னொருவரை வேண்டுமென்றே இழுத்தடிப்பதுதான் அலைக்கழிப்பு. இங்கே பெரும்பாலும் அப்படிக் குற்றம் சாட்ட எந்த நிரலும் இல்லை. தனித்தனியே ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் நடந்துகொள்கிறது. அவற்றின் கூட்டுத்தொகைதான் அடங்கவில்லை.

‘பக்கச் சுழற்சி’ இயல்பான பக்கப் போக்குவரத்தையும் குறித்துவிடும். கேடு நேர்ந்திருக்கிறது என்ற எச்சரிக்கை அதில் இல்லை. அச்சகத்தில் இருப்பவர்கள் அதைப் படித்தால் தாளைப் படுக்கைவசமாகத் திருப்புவதாகவே நினைப்பார்கள்.

‘அலைச்சல்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘பத்திர வேலையாக ஒரு வாரம் ஒரே அலைச்சல்’ என்று ஒருவர் சொன்னால், போனார், வந்தார், களைத்தார், காரியம் முடிந்தபாடில்லை என்பது அத்தனையும் நமக்குப் புரிந்துவிடுகிறது. ‘திராஷிங்’ குறிப்பது இதையேதான். நடமாட்டம் இருக்கிறது, பலன் இல்லை. வினையாகவும் நன்றாக இயங்குகிறது: கணினி அலைகிறது, அலையத் தொடங்கியது, அலைச்சல் நின்றது. இயற்பியலில் ‘அலைவு’ என்ற சொல் இருப்பதால் குழப்பம் வருமோ என்று சகோதரி கேட்பார். அலைவு ஊசலுக்கு உரியது; ‘அலைச்சல்’ எந்தத் துறையிலும் கலைச்சொல்லாக அமர்ந்ததாக நான் பார்க்கவில்லை. துல்லியம் தேவைப்படும் இடத்தில் ‘நினைவக அலைச்சல்’ என்று முழுமையாக எழுதலாம்.

இந்தச் சொல் நடைமுறையில் என்ன வேலை செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பிறை நகரில் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தரும் ஓர் அம்மாவின் மடிக்கணினியை அண்மையில் பார்த்தேன். ரேம் 8 ஜிகாபைட், பழைய சுழல்வட்டு. காலையில் நன்றாக ஓடுகிறது. மாதக் கடைசியில் கணக்கு மென்பொருள், பெரிய எக்செல் கோப்புகள், வங்கித் தளம், இ-இன்வோய்ஸ் தளம், வாட்ஸ்அப் எல்லாம் ஒன்றாகத் திறந்திருக்கும் பிற்பகலில் எக்செலுக்கு மாறினால் சாளரம் வெளுத்துப்போய், ‘பதிலளிக்கவில்லை’ என்ற வரி மேலே வருகிறது. தட்டிய எண்கள் திரையில் தெரியவில்லை. சற்று நேரம் கழித்து மொத்தமாக வந்து கொட்டுகின்றன. விண்டோஸின் கண்காணிப்புக் கருவியான டாஸ்க் மேனேஜரில் வட்டு 100 விழுக்காட்டில் நிற்கிறது. செயலியோ பத்தைத் தாண்டவில்லை. ரிசோர்ஸ் மானிட்டரில் நினைவகப் பக்கத்தைத் திறந்தால் ‘ஹார்ட் ஃபால்ட்ஸ்’ என்ற வரைபடம் உச்சியில் ஏறி இறங்காமல் நிற்கிறது. இதுதான் அலைச்சல். அவருக்கு ரேம் கூட்டுவது நியாயமான செலவு.

அந்த வரைபடத்தின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘வன்பிழை’ என்று நேராகப் பெயர்த்தால் பயனர் பயந்துவிடுவார். அங்கே பிழை எதுவும் நடக்கவில்லை. தேவையான பக்கம் ரேமில் இல்லாததால் வட்டிலிருந்து கொண்டுவரப்படுகிறது, அவ்வளவுதான். ‘வட்டுக் கொணர்வு’ என்று வைக்கலாம். ஒரு நிரலை முதன்முதலாகத் திறக்கும்போது இந்த எண்ணிக்கை ஏறுவது இயல்பு. ஏறிய பிறகு இறங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மாணவர்கள் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் வேறு. டாஸ்க் மேனேஜரில் நினைவகம் 80 விழுக்காடு என்று தெரிந்தவுடனே ரேம் போதவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நிறைந்திருப்பது வேறு, அலைவது வேறு. இந்த வேறுபாட்டைக் கையேட்டில் கொட்டை எழுத்தில் போட வேண்டும். இயங்குதளம் காலியாக இருக்கும் ரேமில் அண்மையில் படித்த கோப்புகளைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது; நிரல் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கிறது. லினக்ஸில் ‘ஃப்ரீ’ கட்டளையைக் கொடுத்தால் ‘அவைலபிள்’ என்ற நெடுவரிசையைப் பார்க்க வேண்டும். ‘ஃப்ரீ’ என்ற நெடுவரிசையின் சிறிய எண்ணைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. ‘விஎம்ஸ்டாட்’ கட்டளையில் உட்செல்லும், வெளியேறும் பக்கங்களைக் காட்டும் இரண்டு நெடுவரிசைகளும் தொடர்ந்து பூச்சியத்துக்கு மேலேயே இருந்தால் அலைச்சல் உண்டு. வெளியேறும் பக்கங்களுக்காக வட்டில் ஒதுக்கிய மாற்றிடத்தில் ஏதோ கொஞ்சம் கிடக்கிறது என்பது மட்டும் சான்றாகாது. 2018-இல் வந்த லினக்ஸ் 4.20 கருவிலிருந்து (கெர்னல்), நினைவகத்துக்காக நிரல்கள் எவ்வளவு நேரம் முடங்கிக் கிடந்தன என்பதையே அளந்து காட்டும் வசதி இருக்கிறது. ஆப்பிள் கணினிகளில் இது இன்னும் எளிது. ஆக்டிவிட்டி மானிட்டரின் நினைவக நெருக்கடி வரைபடம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாறும். இவற்றில் எதையும் கணினியைத் திறந்தவுடனே பார்க்கக் கூடாது. வழக்கமான வேலை முழுவதும் திறந்திருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும்.

சுழல்வட்டு உள்ள பழைய கணினிகளைப் பற்றி ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஏறத்தாழ நூறு நானோநொடி ஆகிறது என்றால், சுழலும் பாகம் இல்லாத வட்டான எஸ்எஸ்டி அதைவிட ஆயிரம் மடங்கும், சுழல்வட்டு நூறாயிரம் மடங்கும் நேரம் எடுக்கும். அலைச்சலே இல்லாத கணினிகூடச் சுழல்வட்டு இருந்தால் மந்தமாகத்தான் இருக்கும். அங்கே முதலில் மாற்ற வேண்டியது வட்டு. எஸ்எஸ்டி போட்ட பிறகு அலைச்சல் வந்தாலும் அவ்வளவாக உறுத்தாது. ஆனால் அது இல்லாமல் போய்விடாது. அந்த அம்மாவுக்கும் எஸ்எஸ்டியும் ரேமும் சேர்த்தே போடச் சொன்னேன். இன்னொன்று: ஒரே நிரல் மணிக்கு மணி நினைவகத்தைத் தின்றுகொண்டே போனால் அது நினைவகக் கசிவு. ரேம் கூட்டினால் அலைச்சல் தள்ளிப்போகும், தீராது.

‘அப்கிரேட்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். ‘மேம்படுத்தல்’ என்று எல்லாவற்றையும் எழுதுவதை இந்தக் கையேட்டிலாவது விட்டுவிடுவோம். மலாய்மொழியில் ‘நாயிக் தாராஃப்’ ஒன்று, ‘கெமாஸ் கினி’ வேறொன்று. நம் பிள்ளைகள் இரண்டையும் நாள்தோறும் கேட்டு வளர்கிறார்கள். முன்னதற்குத் ‘தரமுயர்த்தல்’, பின்னதற்கு ‘இற்றைப்படுத்தல்’ என்று நம்மிடமும் சொற்கள் இருக்கின்றன. விண்டோஸ் 10-இலிருந்து 11-க்குப் போவது தரமுயர்த்தல். மாதந்தோறும் வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் இற்றைப்படுத்தல். ஆனால் 8 ஜிகாபைட்டை 16 ஆக்குவதில் தரம் எதுவும் உயர்வதில்லை, அளவுதான் கூடுகிறது. ஆகவே ‘ரேம் கூட்டுதல்’ போதும். ‘ரேம்’ என்ற சொல்லையும் அப்படியே வைத்துக்கொள்வோம். கடைக்குப் போய்த் ‘தற்போக்கு அணுகல் நினைவகம் ஒன்று கொடுங்கள்’ என்று யாரும் கேட்கப்போவதில்லை.

சொல் விவாதத்துக்கு நடுவே விலையைப் பேசுவது பொருந்தாது என்று சிலர் நினைக்கலாம். எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகின்றன. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை கடுமையாக ஏறியது. அவ்வாண்டு டிசம்பரில், நினைவகச் சில்லு செய்யும் மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கு ரேம் விற்றுவந்த தன் குரூசியல் வணிகத்தை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதே மைக்ரானுக்கு இங்கே பினாங்கில் இரண்டாம் பாலத்தைத் தாண்டினால் பத்து காவானில் ஆலை இருக்கிறது. இன்டெல் 1972-இலேயே பினாங்குக்கு வந்துவிட்டது. சில்லுகள் பல நம் ஊர் வழியாக உலகுக்குப் போகின்றன, ஆனாலும் பிராங்கின் மால் கடையிலோ கோலாலம்பூர் லோ யாட்டிலோ விலை நமக்காகக் குறைவதில்லை. முன்பு தேவையில்லாமல் ஒரு ரேம் வாங்கினால் சின்ன நட்டம். விலை ஏறிய பிறகு அது சின்ன நட்டமில்லை. அலைச்சல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள் என்று நாம் ஒரே வரியில் சொல்ல முடிய வேண்டும். அதற்காகவே இந்தச் சொல்லுக்கு இவ்வளவு வாதாடுகிறேன்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை பற்றிச் சுருக்கமாக எழுதினால் போதும். டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் இரு தலைமுறைகள்; டிடிஆர்4 செருகுவாயில் டிடிஆர்5 நுழையாது. இரண்டின் அடிப்பக்க வெட்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பின்னால் கூட்ட வழியே இல்லை, வாங்கும் அன்றே முடிவு செய்ய வேண்டும். இரண்டு செருகுவாய் இருந்தால் ஒரே அளவான இரண்டைப் போடுவது வேகத்துக்கு நல்லது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டதால், பழைய கணினிக்கு ரேம் கூட்டினால் 11-ஐப் போட்டுவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். 11 கேட்கும் ரேம் வெறும் 4 ஜிகாபைட்தான். அந்தக் கணினிகளைத் தடுப்பது பெரும்பாலும் அவற்றின் செயலியும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்ற நிபந்தனையும். அங்கே ரேமுக்குச் செலவிடும் பணம் அந்தக் கதவைத் திறக்காது.

அத்தியாயத்தில் வரப்போகும் சில வாக்கியங்களில் சொல்லை வைத்துப் பார்த்தேன்:

‘நினைவகம் நிறைந்திருக்கிறது, ஆனால் அலைச்சல் இல்லை. ரேம் கூட்டத் தேவையில்லை.’

‘நிரல்களின் புழங்கு தொகுதி ரேமை மீறும்போது கணினி அலையத் தொடங்கும்.’

‘உலாவியில் பயன்படுத்தாத தாவல்களை மூடியதும் அலைச்சல் நின்றது.’

எனக்கு மூன்றும் இடறவில்லை. வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் இவற்றை மாணவர்களிடம் விளக்கமில்லாமல் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டு எழுதினால் பேருதவியாக இருக்கும். ஈப்போ ஐயா, ‘திணறல்’ என்பதை அறிகுறிக்கும் ‘அலைச்சல்’ என்பதைக் காரணத்துக்கும் வைத்துக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா? சகோதரி, ‘வட்டுக் கொணர்வு’ எனக்கே இன்னும் முழு நிறைவு தரவில்லை. ‘கொணர்வு’ பேச்சில் புழங்காத சொல். இதைவிட எளியது உங்களுக்குத் தோன்றினால் அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து